பல வருடம் அணைந்து கிடந்த கணப்படுப்பு: மறுபடி மூட்டும் முன் செய்ய வேண்டியவை

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துப் பழைய எஸ்டேட் பங்களாக்களில் கணப்படுப்புகள் பலகை அடித்து மூடப்பட்டோ, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மறைந்தோ கிடக்கின்றன. வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கும்போதோ, ஜனவரிக் குளிர் எலும்பைத் தொடும்போதோதான் அதன் ஞாபகம் வரும். உடனே பலகையைக் கழற்றி, குழியைப் பெருக்கி, முகப்புக்கு டைல் ஒட்டி, "புகை போகுதான்னு பார்ப்போம்" என்று நாலு விறகைப் பற்ற வைப்பார்கள்.

இந்த வரிசை தலைகீழ். கண்ணுக்குத் தெரியும் குழியில் கோளாறு குறைவு. பதினைந்து, இருபது அடி உயரப் புகைக்கூண்டுக்குள்ளும் கூரைக்கு மேலும்தான் அதிகம். வேலை உச்சியில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். தீ கடைசி.

1. காலம், கருவி, ஆள்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சரியான காலம். சுண்ணாம்புக் காரை காய வாரக்கணக்கில் ஆகும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும்; அக்டோபர், நவம்பரில் துலா மழை. நவம்பரில் தொடங்குகிறவர்கள் டிசம்பர் சீசனுக்காக ஈரக் காரையைத் தீ மூட்டிக் காய வைப்பார்கள். உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிக் காரையைப் பிளந்துகொண்டு வரும்.

வெளிச்சமான டார்ச், இஞ்சு டேப், சிறு கண்ணாடி, என்-95 முகக்கவசம், கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி, கையுறை, பிளாஸ்டிக் விரிப்பு, மூடி உள்ள இரும்பு வாளி, ஒரு கட்டு ஊதுபத்தி. திருகி நீட்டக்கூடிய கம்புகளோடு புகைக்குழலின் (கூண்டுக்குள் புகை ஏறும் வழியின்) அளவுக்கான பிரஷ் ஒன்று. கடைசியாக, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

ஆள் விஷயத்தில் ஒன்று. வீடு கட்டும் கொத்தனார் எவ்வளவு கை சுத்தமானவராக இருந்தாலும் பழக்கத்தில் சிமெண்ட்டைத்தான் எடுப்பார். டீ ஃபேக்டரியில் டிரையருக்குச் சூடு தரும் விறகு அடுப்பைப் பராமரிக்கிறவர், அல்லது பேக்கரி போர்மா (ரொட்டி சுடும் அடுப்பு) கட்டுகிறவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். வெப்பத்தில் எது நிற்கும், எது உதிரும் என்று அவர்களுக்குக் கை அனுபவத்தில் தெரியும்.

2. குழலுக்குள் யார் என்ன செய்தார்கள் என்று விசாரியுங்கள்

பயன்படாத புகைக்குழலை வீட்டுக்காரர்கள் சும்மா விடுவதில்லை. டிஷ் கேபிள், இன்வெர்ட்டர் ஒயர், சோலார் தண்ணீர்க் குழாய் என்று எதையாவது அதன் வழியாக இறக்கியிருப்பார்கள். குளியலறை கேஸ் கீசரின் புகையை அதற்குள் திருப்பிவிட்ட வீடுகளும் உண்டு. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வேறு வழியில் கொண்டுபோன பிறகுதான் அடுத்த வேலை. கீசர் புகையும் கணப்புப் புகையும் ஒரே குழலைப் பகிரவே கூடாது. ஒன்றின் புகை மற்றதன் வழியாக அறைக்குள் திரும்பும்.

பழைய சமையல்காரர், வாட்ச்மேன் யாராவது இருந்தால் கேளுங்கள்: கடைசியாக எரிந்தபோது புகை அறைக்குள் வந்ததா? வந்ததால் மூடினார்கள் என்றால் அளவுக் கோளாறு இருக்கும். ஏழாவது பகுதி உங்களுக்கானது.

3. கூரை மேல்

மங்களூர் ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி ஏற வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதன் மேல் ஏறுவதே கிடையாது, தனிச் சாரம் கட்டுங்கள்.

முதலில் வாய். கான்கிரீட் வில்லை போட்டு மூடியிருக்கலாம், அதன் மேல் தண்ணீர்த் தொட்டியே உட்கார்ந்திருக்கலாம். அடுத்து நேர்நிலை: தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சாய்ந்திருந்தாலோ, மேல் வரிசைச் செங்கல் கையால் அசைந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டும் வேலையை முதலில் முடியுங்கள்.

உயரம்: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, கூடவே, 10 அடி தூரத்துக்குள் உள்ள கூரை முகடோ சுவரோ எதுவானாலும் அதைவிட 2 அடி கூடுதல். இல்லாவிட்டால் முகட்டைத் தாண்டிக் கவிழும் காற்று புகையைத் திரும்பக் குழலுக்குள் தள்ளும். பிற்பாடு மாடி எழுப்பிய வீடுகளில் இந்தக் கணக்கு எப்போதும் தவறியிருக்கும்.

4. குடியிருப்பவர்களை வெளியேற்றுவது

குழலுக்குள் தேன்கூடு, கதண்டுக் கூடு, வௌவால், பறவைக் கூடு எதுவும் இருக்கலாம். "புகை போட்டால் ஓடிவிடும்" என்று கீழே தீ மூட்டுவதுதான் இந்த மலையில் நடக்கும் மோசமான விபத்துக்கு வழி. கதண்டு மேலே போகாது, கீழே அறைக்குள் இறங்கும். உலர்ந்த கூடு தீப்பிடித்தால் குழல் முழுக்க எரியும். தேனையும் கதண்டையும் அதற்குப் பழகியவர் எடுக்கட்டும். குஞ்சு உள்ள கூடு என்றால் அவை பறந்து போகும்வரை காத்திருங்கள்.

வௌவால் எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு அள்ளுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கக்கூடும்.

5. துடைப்பு, பிறகு பார்வை

அடுப்பின் வாயைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி டேப் ஒட்டிவிட்டு மேலிருந்து பிரஷை இறக்குங்கள். கல்லைச் சாக்கில் கட்டிக் கயிற்றில் விடும் பழக்கம் வேண்டாம். ஊசலாடும் கல் உள் செங்கலைப் பெயர்த்துவிடும். விழுந்த கரியை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். மெல்லிய கரித்தூள் அதன் வடிகட்டியைத் தாண்டி வந்து சுவரெல்லாம் பூசும்.

படிவு மூன்று வகை. மாவு போன்ற கரி எளிதாக வரும். செதில் செதிலாக இருப்பது கம்பிப் பிரஷுக்கு அசையும். தார் ஊற்றியது போல மினுமினுக்கும் கெட்டிப் படிவு கிரியோசோட். அது பிரஷுக்கு மசியாது, புகைக்கூண்டுத் தீயின் எரிபொருளும் அதுதான். அது இருந்தால் முழுவதும் நீக்காமல் தீ மூட்டக் கூடாது. சுவரை உடைக்காமல் சுரண்டி எடுக்க முடியவில்லை என்றால் குழலுக்குள் புதுக் குழாய் இறக்குவதே வழி.

துடைத்த பிறகு, பதிவை ஓட விட்ட செல்போனையும் டார்ச்சையும் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்குங்கள். பார்க்க வேண்டியவை:

காரை உதிர்ந்து செங்கல்களுக்கு நடுவே கருப்பாகத் தெரியும் இடுக்கு. அதன் வழியே புகையும் பொறியும் மச்சுக்குப் போகும்.

புகைக்கூண்டைத் தொட்டுக்கொண்டு போகும் உத்திரம், கைமரம், சீலிங் சட்டம். மச்சில் ஏறி நேரிலேயே பாருங்கள். மரத்துக்கும் கூண்டுக்கும் நடுவே 2 அங்குலம் காற்று இடைவெளி வேண்டும். வருடக்கணக்கில் சூடு வாங்கிய மரம் உள்ளுக்குள் கரியாகி, சாதாரண மரம் பற்றாத வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்பது இங்கே ஆறுதல் இல்லை.

இரண்டு அறைகளின் அடுப்புகள் முதுகோடு முதுகு ஒட்டி ஒரே கூண்டில் ஏறும் வீடுகளில், குழல்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய செங்கல் தடுப்பு. அது விழுந்திருந்தால் கூடத்தில் மூட்டும் தீயின் புகை படுக்கையறையில் இறங்கும். பக்கத்து அறை அடுப்பை வெறும் பிளைவுட்டால் மூடியிருந்தால் யாருக்கும் தெரியாமலே இறங்கும்.

இடுக்குகள் பரவலாக இருந்தால் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கி, சுற்றிலும் வெர்மிகுலைட் போன்ற வெப்பம் தாங்கும் நிரப்பியைப் போட வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கிச்சன் சிம்னிக்கு விற்கும் மடிப்பு அலுமினியக் குழாயை மலிவு என்று இறக்கிவிடுவது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். புகைக்கூண்டுத் தீ 1000 டிகிரியைத் தாண்டும். ஜிஐ குழாயும் ஆகாது. துத்தநாகப் பூச்சு சூட்டில் கழன்று, தகடு சில சீசனில் அரித்துப் போகும்.

6. முதலில் தண்ணீர், அப்புறம் நெருப்பு

இந்த மலையில் புகைக்கூண்டைக் கெடுத்தது பெரும்பாலும் மழைதான். ஈரம் குடித்த செங்கல் சூடேறாது. சூடேறாத குழல் புகையை இழுக்காது. உள் பூச்சு வேலை எதையும் தொடும் முன் மேலே மூன்று இடங்களைச் சரிசெய்யுங்கள்.

உச்சி வில்லை வெளிப்பக்கம் சரிந்து, சுவரைத் தாண்டி 2 அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். நீட்டலின் அடியில் ஒரு விரல் அகலக் கோடு வெட்டினால் நீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டும்.

கூரையும் கூண்டும் சேரும் இடத்தில் தகர மடிப்பு. தாரை மட்டும் பூசி விட்டால் ஒரு வெயில் காலம் தாங்கும், அவ்வளவுதான். தகடு செங்கல் இடுக்குக்குள் நுழைந்து மடிய வேண்டும்.

வாய்க்கு மேல் தொப்பி. பக்கவாட்டில் சாய்ந்து அடிக்கும் மழைக்கு இது அவசியம். நாலு பக்கமும் திறந்திருக்கும் மொத்தப் பரப்பு குழலின் பரப்பைப் போல நான்கு மடங்காவது இருக்கட்டும். வலைக்கண் முக்கால் அங்குலம். கொசுவலை போல் நெருக்கமாகப் போட்டால் கரி படிந்து ஒரு சீசனில் அடைத்துவிடும்.

7. அளவுக் கணக்கு

புகை அறைக்குள் வரும் அடுப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கிலேயே சரியாகிவிடும். அடுப்பு வாயின் அகலத்தை உயரத்தால் பெருக்குங்கள். குழலின் உள் குறுக்குப் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். குழல் 15 அடிக்குக் குறைவான உயரம் என்றால் எட்டில் ஒரு பங்கு. மூணாறு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் இழுப்பும் சற்றுக் குறையும். எனவே பத்தில் ஒன்றைக் கீழ் எல்லையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வாய் 36 அங்குல அகலம், 28 அங்குல உயரம்: 1008 சதுர அங்குலம். குழல் 9-க்கு 9, அதாவது 81. தேவை 101. இந்த அடுப்பு கட்டாயம் புகை கக்கும். குழலைப் பெரிதாக்க முடியாது, வாயைச் சிறிதாக்க முடியும். அடுப்புத் தளத்தில் 3 அங்குலச் செங்கலை இரண்டு வரிசை படுக்க வைத்தால் உயரம் 22 ஆகும். 36 பெருக்கல் 22, 792. தேவை 79 ஆகிவிட்டது, இருப்பது 81. செலவு இரண்டு வரிசைச் செங்கல்.

இந்தச் செங்கலை நிலையாகக் கட்டும் முன் சோதிக்க, ஒன்பதாவது பகுதியில் வரும் புகைச் சோதனையின்போது வாயின் மேல் விளிம்பில் ஒரு தகரத்தைப் பிடித்து மெல்லக் கீழே இறக்குங்கள். எந்த உயரத்தில் புகை வருவது நிற்கிறதோ அதுதான் உங்கள் அடுப்புக்கு ஏற்ற வாய்.

குழலைத் திறந்து மூடும் டாம்பர் தகடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால் எண்ணெய் விட்டு இளக்குங்கள். முழுதாகத் திறக்கிறதா என்பதைக் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே கைப்பிடி அசைந்தாலும் உள்ளே தகடு நகராமல் இருப்பது உண்டு.

8. அடுப்புக் குழி

குழியின் முதுகும் பக்கங்களும் தீ நேராகப் படும் இடம். அங்கே விரிசல் விட்ட செங்கலை மாற்ற ஃபயர் பிரிக் வேண்டும். கடையில் ஐஎஸ் 6, ஐஎஸ் 8 என்று கேளுங்கள். 9 x 4½ x 3 அங்குலத்தில் வரும். வீட்டுக் கணப்புக்கு ஐஎஸ் 6 தாராளம். ஐஎஸ் 8 வாங்கினால் தவறில்லை, காசுதான் கூடுதல்.

ஒட்டுவதற்கு ஃபயர் கிளே காரை. இடுக்கு 2, 3 மில்லிமீட்டர் போதும், 6-ஐத் தாண்ட வேண்டாம். செங்கல்தான் சூட்டைத் தாங்குகிறது. காரை தடித்தால் அந்தக் கோட்டில்தான் வெடிக்கும். சிமெண்ட் இங்கே ஏன் ஆகாது? 400 டிகிரியைத் தாண்டியதும் அதைப் பிணைத்திருக்கும் சுண்ணச் சேர்மம் சிதையும். இரண்டு மாதத்தில் மாவாக உதிரும்.

தீ நேரடியாகப் படாத மேல் கூண்டில், பழைய சுண்ணாம்புக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பே பொருந்தும்: 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு கூர்மணல். கடையில் கும்மாயம் (சுண்ணாம்புக்கு இங்கே சொல்லும் பெயர்) என்று கேட்டால் தோட்டத்து மண்ணுக்குப் போடும் மூட்டையைத் தூக்கித் தருவார்கள், அது கட்டுமானத்துக்கு உதவாது. பூச்சு வேலைக்கானது என்று சொல்லியே வாங்குங்கள்.

முன்தளத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். வாய்க்கு முன்னே 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் கல்லோ சிமெண்ட் தளமோ இருக்க வேண்டும். வாய் 6 சதுர அடிக்குப் பெரிதானால் 20, 12. பலகைத் தளம் போட்ட பங்களாக்களில், மேலே கல் தெரிந்தாலும் அடியில் மரச்சட்டம் ஓடலாம். கீழ்ப் பக்கமிருந்து பாருங்கள்.

9. புகைச் சோதனை

பூச்சு காய்ந்த பிறகு, தீ மூட்டும் முன். இரண்டு பேர் வேண்டும். குழந்தைகளும் வயதானவர்களும் வீட்டுக்கு வெளியே.

முதலில் ஊதுபத்தியை டாம்பருக்குக் கீழே பிடியுங்கள். புகை மேலே போனால் நல்லது. அறைப் பக்கம் வந்தால் குழலில் குளிர்காற்று தேங்கி நிற்கிறது. வெளிச்சுவரில் கட்டிய கூண்டுகளில் காலை நேரம் இது சகஜம். பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் பற்ற வைத்து டாம்பர் வாயில் ஒரு நிமிடம் பிடித்துச் சூடேற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடுத்தது கசிவு. கை அளவு சுள்ளியைப் பற்ற வைத்து, ஈரத் தழையை மேலே போட்டுப் புகையாக்குங்கள். உச்சியில் புகை வந்ததும் மேலே இருப்பவர் ஈரச் சாக்கால் வாயை மூடட்டும். கீழே இருப்பவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொரு அறையும், முக்கியமாக மச்சும் பக்கத்து அறை அடுப்பும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். புகை எங்கே எட்டிப் பார்த்தாலும் சாக்பீஸால் குறியிட்டு, அடைத்து, மறுபடி சோதியுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனையும் ஒரு முறை ஓட விடுங்கள். அடைத்த வீட்டில் அது அடுப்பு வழியாகக் காற்றை உறிஞ்சி, புகையைக் கூடத்துக்கு இழுக்கும்.

10. விறகு

ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வேண்டும். ஈர விறகின் சூடு நீரை ஆவியாக்கவே போய்விடும். மிஞ்சும் குளிர்ந்த புகைதான் கிரியோசோட்டாகப் படிகிறது. இங்கே கிடைக்கும் கிராண்டிஸ் யூகலிப்டஸைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்தால் கோடாலி ஏறாது. தரையைத் தொடாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விட வேண்டும். தார்ப்பாயால் சுற்றிக் கட்டிய விறகு மூடுபனிக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். சமவெளியில் ஆறு மாதம் போதும் என்றால் இங்கே ஒரு முழு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டையை மோதினால் கணீர் என்று கேட்க வேண்டும்.

பற்ற வைக்கத் தேயிலைக் கவாத்துக் குச்சி அருமை. பிளைவுட், பெயிண்ட் அடித்த ஜன்னல், கரையான் மருந்து அடித்த மரம், பால் கவர் எதுவும் உள்ளே போகக் கூடாது.

11. முதல் ஒரு வாரம்

காரை வேலை முடிந்து மூன்று, நான்கு வாரம் கழித்து. முதல் நாள் ஒரு பிடி கவாத்துக் குச்சி, அரை மணி நேரம். இரண்டாம் நாள் இரண்டு பிடி. மூன்று, நான்காம் நாள் கை மணிக்கட்டுத் தடிமனுள்ள துண்டு இரண்டு. ஐந்தாம் நாள் ஒரு முழுக் கட்டை. பெரிய தீயில் தொடங்கினால் புதுக் காரை வெடிக்கும்; நீங்கள் செய்த வேலையை நீங்களே கெடுத்ததாகும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் எதற்கும் வேண்டாம். காற்று வரும் பக்கத்து ஜன்னலை ஒரு விரல் திறந்து வையுங்கள்; தீயும் மூச்சு விட வேண்டும். ஒவ்வொரு தீ முடிந்ததும் மச்சில் ஏறி, கூண்டின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே எங்கோ காரை விட்டிருக்கிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வரும். குளிர் என்று நினைத்து இன்னும் கதவை அடைப்பார்கள். புகை வராத கனல்தான் இதில் மோசம். அடுப்பு வேலை இன்னும் முடியவில்லையே என்று குளிருக்கு இரும்புச் சட்டியில் கரிக்கனலை அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கனல் முழுவதும் சாம்பலாகும்வரை டாம்பரை மூடக் கூடாது. அலாரம் அடித்தால் ஆளை வெளியே கூட்டிக்கொண்டு போவது முதலில், காரணம் தேடுவது பிறகு.

கூண்டுக்குள் ரயில் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டாலோ, உச்சியில் பொறி பறந்தாலோ அது புகைக்கூண்டுத் தீ. தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான செங்கல் சட்டென்று குளிர்ந்து பிளக்கும். கைக்கு எட்டினால் மணலைக் கொட்டி அடுப்பை மூடிவிட்டு எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். அணைந்த பிறகும் ஐந்தாம் பகுதியை முழுக்கத் திரும்பச் செய்யாமல் மூட்ட வேண்டாம்.

12. சாம்பலும் அடுத்த சீசனும்

ஒரு அங்குலச் சாம்பலை அடுப்பிலேயே விடுங்கள். கனலைப் பிடித்து வைக்கும். மிச்சத்தை மூடி உள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, பலகை இல்லாத தரையில் நாலு நாள் வையுங்கள். மேலே ஆறிய சாம்பலுக்குள் கனல் இரண்டு நாளும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியில் கொட்டித் திண்ணையில் வைக்கிறவர்கள்தான் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

வருடம் ஒரு முறை, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் அக்டோபருக்குள், குழலைத் துடைக்க வேண்டும். நடுவில் படிவு 3 மில்லிமீட்டரைத் தொட்டால் அப்போதே. ஆறிய சாம்பல் வீட்டுக் காய்கறிப் பாத்திக்கு நல்லது. தேயிலைச் செடியின் அடியில் கொட்டாதீர்கள், அதற்குப் புளிப்பு மண்தான் வேண்டும்.